விடுப்பில் இருந்தவரின் பாஸ்வேர்டு

பன்னாட்டு நிறுவனத்தின் இந்தியக் கிளையில் கணினிப் பிரிவைக் கவனிக்கப் போகிற உங்களுக்கு, முதல் நாளில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் பக்கத்து அறையில் இருப்பார். அவருக்கு ஆலை ஓட வேண்டும். இன்னொருவர் கடலுக்கு அப்பால் இருப்பார். அவருக்கு விதிகள் ஓட வேண்டும். இந்த இரண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதையெல்லாம் உங்கள் வழியாகத்தான் பேசுவார்கள், அதுவும் திட்டாகத்தான் பேசுவார்கள்.

நான் வேலை பார்த்தது கப்பலூரில், கார்களுக்கு ரப்பர் சீல்களும் குழாய்களும் செய்யும் ஓர் ஆலையில். தலைமையகம் ஐரோப்பாவில் இருந்தது. மேற்பார்வை செய்யும் அலுவலகம் சிங்கப்பூரில். நான் சொல்லப்போவது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது. நான்கு வழிச் சாலைக்காக நெடுஞ்சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்கள் இணைப்புக் கம்பியை ஜேசிபி அடிக்கடி அறுத்துவிடும். தலைமையகத்தின் உதவி மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், புகாரை இணையம் வழியாகப் பதிவு செய்யுங்கள் என்பார்கள். அந்த இணையம்தான் இல்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் ஜேசிபி அடுத்த இடத்துக்குப் போயிருக்கும்.

இந்த நிலையில்தான் உலகம் முழுவதும் ஒரே மென்பொருள் என்று முடிவு செய்து எங்களுக்கும் அனுப்பினார்கள். நல்ல மென்பொருள்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒருவருக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. எடுத்துக்காட்டாக, கிடங்கிலிருந்து உற்பத்திப் பகுதிக்குப் பொருள் போக வேண்டுமானால் பொருள் வழங்கல் அதிகாரி கணினியில் ஒப்புதல் தர வேண்டும். தந்தால்தான் கிடங்கில் சீட்டு அச்சாகும். சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை கார்பன் பொடிகூட நகரக் கூடாது. கையால் எழுதிய சீட்டுகளை அதற்கு முன்பே ஒழித்துவிட்டோம்.

அந்த அதிகாரி விடுப்பில் போனால்? மென்பொருளைச் செய்தவர்கள் அதையும் யோசித்திருந்தார்கள். தனக்குப் பதிலாக இன்னொருவரை நியமித்துவிட்டுப் போகும் 'மாற்று ஆள்' வசதி அதிலேயே இருந்தது. ஆனால் தலைமையகம் அதைப் பெரிய கிளைகளுக்கு மட்டும் திறந்துவிட்டது. சிறிய கிளைகளுக்குத் தேவைப்படாது என்று முடிவு செய்துவிட்டார்களாம். கப்பலூரில் யாரும் விடுப்பு எடுப்பதில்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எழுதினேன். வசதியைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இங்கே ஒருவர் பாஸ்வேர்டை மற்றவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினேன். பதில் வந்தது: பாஸ்வேர்டைப் பகிர்வது தடை செய்யப்பட்டுள்ளது, பயனாளர்களுக்கு நினைவூட்டவும். மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே பதில் வந்தது. நினைவூட்டும் அறிவிப்பைத் தட்டச்சு செய்து அலுவலகக் கூடத்தின் சுவரில் ஒட்டினேன். ஒட்டி முடித்துத் திரும்பும்போதே, அந்த அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒருவர் எதிர்வரிசைக்குக் குரல் கொடுத்தார்.

"மாப்ள, உன் பாஸ்வேர்டு போட்டா விழ மாட்டேங்குதே. மாத்திட்டியா?"

"மீனாட்சி போயி அழகர் வந்தாச்சு மாப்ள. பின்னாடி இந்த மாச நம்பர்."

கூடம் முழுக்கக் கேட்டது. யாரும் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

இதைச் சோம்பல் என்றோ அலட்சியம் என்றோ எண்ணிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்டும் பாஸ்வேர்டைச் சொல்லாவிட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. அண்ணே என்றும் மாப்ள என்றும் கூப்பிட்டுக்கொள்கிற இடத்தில் அதை யார் செய்வார்கள்? தலைமையகத்துக்கு இதை எந்த ஆங்கிலத்தில் எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பொருள் வழங்கல் அதிகாரியின் பெயர் சேதுராம். முனிச்சாலையில் இருந்த சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தொலைபேசியில் அவர் தங்கள் மொழிக்கு மாறிக் குரலைத் தாழ்த்தினால் வீட்டு விஷயம் என்று தெரிந்துகொண்டு நாங்கள் நகர்ந்துவிடுவோம். அவரிடம் பயிற்சி பெற்றுவந்தவர் செல்வி. செக்கானூரணிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தினமும் திருமங்கலத்தில் பேருந்து மாறி வருவார். பயிற்சிக் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. சில வாரங்களில் வேலை நிரந்தரமாக வேண்டும்.

சேதுராமின் அம்மாவுக்குக் கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. அவர் விடுப்பில் இருந்தார். அன்றைக்கென்று பார்த்து சிங்கப்பூர் அலுவலகத்திலிருந்து தணிக்கையாளர் வந்து சேர்ந்தார். சன்னமான குரலில் பேசும் மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டு எல்லோரும் பயந்தார்கள். நான் அவரை அலுவலகம் முழுக்க அழைத்துச் சென்று காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மேசையருகே அவர் நின்றார். திரையின் மூலையில் சேதுராம் என்ற பெயர் இருந்தது. நாற்காலியில் செல்வி இருந்தார். ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள்தான் சேதுராமா என்று தணிக்கையாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

செல்வி எழுந்து நின்றார். சொற்களைத் தேர்ந்தெடுத்து, தப்பில்லாத ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சேதுராம் சார் இன்று விடுப்பு, அவருடைய சீட்டில் நான் இருக்கிறேன், காலையிலிருந்து வந்த எந்த ஒப்புதலும் பாக்கி இல்லை. கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

தணிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. ஆலைத் தலைவரின் அறையில் அவரும், தணிக்கையாளரும், நானும். சேதுராமை வரவழைத்திருந்தோம். தலைமையகத்தின் விதி தெளிவாக இருந்தது. பாஸ்வேர்டை உரியவர் தானாகக் கொடுத்திருந்தால் கொடுத்தவர் வேலையை விட்டுப் போக வேண்டும். அவருக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் எடுத்தவர் போக வேண்டும். மூன்றாவதாக ஒன்றை அந்த விதியை எழுதியவர் கற்பனை செய்யவில்லை. எப்படிப் பார்த்தாலும் ஒருவர் போக வேண்டும் என்பதில் தணிக்கையாளருக்குச் சந்தேகம் இல்லை. யார் என்பதை மட்டும் நாங்கள் சொல்ல வேண்டும்.

ஆலைத் தலைவர் கெட்டவர் இல்லை. அனுபவமுள்ள அதிகாரியை இழக்க அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான். தணிக்கையாளருக்குப் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் பேசினார்.

"சேதுராம், ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்குத் தெரியாம எடுத்திருச்சுன்னு. அது டிரெய்னிதானே. சின்னப் பொண்ணு, வேற எங்கயாச்சும் வேலை கிடைச்சிரும்."

சேதுராம் மறுத்தார்:

"ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து போன் பண்ணி எழுத்து எழுத்தாச் சொன்னேன் சார். அது ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுச்சு, சரியாச் சொன்னேன். இப்போ எடுத்திருச்சுன்னு நான் எப்படி எழுதுவேன்?"

"எதுக்குக் குடுத்தீங்க?"

"அதை எனக்கா குடுத்தாங்க? என் சீட்டுக்குக் குடுத்தது. நான் இல்லேன்னா அந்த சீட்ல யாரு உக்காருறாங்களோ அவங்களுக்குத்தானே அது சேரணும்? பீரோச் சாவியை வீட்டுக்கா கொண்டுக்கிட்டுப் போறேன்?"

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. ஐரோப்பாவில் மென்பொருளை ஆளுக்கு ஆள் பிரித்து அமைத்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகங்கள் சீட்டுக்குச் சீட்டு, அதாவது இருக்கைக்கு இருக்கை, நடக்கிறவை. கோப்பு சீட்டுக்கு வரும், சீட்டிலிருந்து போகும். உட்கார்ந்திருப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. சேதுராம் எதையும் மீறவில்லை. தான் கற்ற ஒழுங்குப்படி, சீட்டைக் காலியாக விடாமல் போயிருக்கிறார். இதை ஆங்கிலத்தில் தணிக்கையாளரிடம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். புரிகிறது, ஆனால் விதியில் இடமில்லை என்றார். அது உண்மை.

ஆலைத் தலைவர் மறுபடி கேட்டார். அப்படியானால் நீங்கள்தான் போக வேண்டியிருக்கும் என்றார். போறேன் சார் என்றார் சேதுராம். தலைமையகம் இறுதி முடிவு சொல்லும்வரை இடைநீக்கம் என்று உத்தரவு கொடுத்தார்கள். அவர் தன் மேசைக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செல்வி அழவில்லை. விசைப்பலகையிலிருந்து நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு எதையும் தொடவில்லை.

அடுத்த நாள் காலையில் நடக்க வேண்டியது நடந்தது. பொருள் வழங்கல் ஒப்புதல் தரும் ஒரே மனிதர் வீட்டில் இருந்தார். சீட்டு அச்சாகவில்லை. கிடங்குக்காரர்கள் மூட்டையைத் தொடவில்லை. நேற்றுவரை இதெல்லாம் எப்படி நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இன்று அதைச் செய்ய ஒருவருக்கும் துணிவில்லை. ரப்பர் கலவை போடும் பகுதியின் மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார். அவனியாபுரத்துக்காரர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"அண்ணே, ரெண்டு மில்லும் சும்மா நிக்குது. கரி வரலை. கேட்டா பிரிண்ட் வரலைங்கிறாய்ங்க. இம்புட்டு ஆளும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். சாயங்காலம் மெட்ராஸ் லாரிக்கு என்னத்த ஏத்துறது?"

ரப்பரில் கலக்கும் கார்பன் பொடியைத்தான் அவர்கள் கரி என்பார்கள், கலக்கும் இயந்திரத்தை மில் என்பார்கள். சென்னையில் ஒரு கார் ஆலை எங்கள் சீல்களுக்காகக் காத்திருந்தது. அங்கே இருப்பு வைத்துக்கொள்வதில்லை. எங்கள் லாரி போகவில்லை என்றால் அவர்கள் வரிசை நிற்கும். அவர்கள் வரிசை நின்றால் அடுத்த ஒப்பந்தம் எங்களுக்கு இல்லை.

நான் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். ஒப்புதலை உரியவர்தான் தர வேண்டும் என்றார்கள். உரியவரை இடைநீக்கம் செய்திருக்கிறோம் என்றேன். அப்படியென்றால் அவர் திரும்பி வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார்கள்.

ஆலைத் தலைவர் என்னை வெளியே அழைத்துப் போய், சேதுராமின் பாஸ்வேர்டை நீங்களே அழித்துப் புதிதாக ஒன்று போட்டுவிடலாமே என்றார். என்னால் முடியும். நிர்வாகிக்கு அந்த அதிகாரம் உண்டு. தணிக்கையாளர் கவனிக்க மாட்டார் என்றார். அதுவும் சரியாக இருந்திருக்கலாம்.

முடியாது என்றேன்.

இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் நேர்மையின் பெயரால் மறுக்கவில்லை. அன்று காலை நான் அந்தக் காரியத்தைச் செய்திருந்தால் ஆலை ஓடியிருக்கும். லாரி போயிருக்கும். சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் அறிக்கையில், சேதுராம் இல்லாமலும் எல்லாம் சரியாக நடந்தது என்று இருந்திருக்கும். விதி நல்ல விதி என்று ஆகியிருக்கும். அவர் நிரந்தரமாக வீட்டுக்குப் போயிருப்பார். எத்தனையோ காலமாக நாங்கள் செய்துவந்தது இதைத்தான்: மேலிடம் ஒரு முட்டாள்தனமான விதியைப் போடும், நாங்கள் அதைச் சத்தமில்லாமல் மீறி அதைக் காப்பாற்றிக் கொடுப்போம். மீறியதற்குத் திட்டும் வாங்கிக்கொள்வோம். ஒரு விதி தவறானது என்றால் அதை எழுத்து பிசகாமல் கடைப்பிடியுங்கள். அதன் வலி அதை எழுதியவருக்குப் போய்ச் சேரட்டும். இடையில் நின்று நீங்கள் வாங்கிக்கொண்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

இப்போது சொல்வது சுலபம். அப்போது சுலபமாக இல்லை. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிந்தது.

மதியத்துக்கு மேல் ஆலைத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. தன் அறையில், மேசைக்கு எதிரே தணிக்கையாளர் மடிக்கணினியில் அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கும்போதே, சேதுராமின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவருக்கு எப்போதும் ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசும் பழக்கம்.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். கட்டு அவிழ்த்தாகிவிட்டது, நன்றாக இருக்கிறது என்று சேதுராம் சொன்னார். பிறகுதான் ஆலைத் தலைவர் விஷயத்துக்கு வந்தார்.

"சேதுராம், ஒரு சின்ன உதவி. உங்க பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

சேதுராமின் பதில் அறை முழுக்கக் கேட்டது.

"சார், அதைச் சொன்னதுக்குத்தானே என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கீங்க."

பாஸ்வேர்டு என்ற சொல்லுக்குத் தமிழில் பாஸ்வேர்டுதான். தணிக்கையாளர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஆலைத் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, இவர் என்ன கேட்டார் என்றார்.

நான் கணினி வேலைக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தவன். யார் கேட்டார், என்ன கேட்டார், என்ன பதில் வந்தது. அதை மட்டும் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆலைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில், என் அடுத்த சம்பள உயர்வு எங்கோ போய்விட்டது என்று தெரிந்தது. போய்த்தான் விட்டது.

தணிக்கையாளர், உங்களுக்கு ஏன் மாற்று ஆள் வசதி இல்லை என்று கேட்டார். கேட்டு எழுதியதையும் வந்த பதிலையும் சொன்னேன். பகிர்கிறார்கள் என்பதையும் எழுதினீர்களா என்றார். அதையும் எழுதினேன் என்றேன். அவர் தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஐரோப்பாவில் அப்போதுதான் அலுவலக நேரம் தொடங்கியிருந்தது. அதே சன்னமான குரலில் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. திரும்பி வந்து, திறந்துவிடுகிறார்கள் என்றார். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் திறந்துவிட்டிருந்தார்கள். என் பிரிவின் அமைப்புத் திரையில் ஒரு கட்டம், அதில் ஒரு டிக். இத்தனை நாளும் முடியாது என்றது இந்த ஒரு டிக்கைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாற்று ஆளை யார் நியமிக்க வேண்டும்? உரியவர்தான், தன் பெயரில் உள்ளே வந்து தானே நியமிக்க வேண்டும். உரியவர் முனிச்சாலையில் இருந்தார். இடைநீக்கத்தில் இருப்பவர் கணினியைத் தொடக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. அதையும் நானே எடுத்துச் சொன்னேன். ஆலைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தணிக்கையாளர் தான் எழுதியதில் ஒரு பகுதியை அழித்துவிட்டு வேறு எழுதினார். குற்றம் கிளையின் ஊழியர்கள் மேல் இல்லை, தேவையான வசதி மறுக்கப்பட்டிருந்தது, இருவருக்கும் எச்சரிக்கை போதும் என்று. படித்துக் காட்டினார். ஆலைத் தலைவர் இடைநீக்கத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளையும் கொடுத்து, நிறுவனத்தின் காரை முனிச்சாலைக்கு அனுப்பினார்.

சேதுராம் வந்தார். நேராகத் தன் மேசைக்குப் போனார். செல்வி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். சேதுராம் உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த ஒப்புதல்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துக் கொடுத்தார். அவசரத்தில்கூட அவர் படிக்காமல் எதையும் தட்டியதில்லை. கிடங்கில் சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டதும், கலவைப் பகுதி மேற்பார்வையாளர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓடினார். லாரி தாமதமாகத்தான் கிளம்பியது. சென்னையில் அவர்கள் வரிசை நிற்காமல் தப்பியது.

பிறகு புதிதாகத் திறந்த வசதியை நான் காட்ட, சேதுராம் மாற்று ஆளின் இடத்தில் செல்வியின் பெயரைப் போட்டார். செல்வி தன் பெயரிலேயே, தன் பாஸ்வேர்டிலேயே இனி ஒப்புதல் தரலாம். தணிக்கையாளர் பின்னால் நின்று பார்த்துத் தலையசைத்துவிட்டு மடிக்கணினியை மூடினார். மாலை விமானத்துக்குப் புறப்பட வேண்டிய நேரம். ஓட்டுநர் அவர் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"ஒரே ஒரு ஆள்தான் போட முடியுமா சார்?" என்று சேதுராம் கேட்டார்.

ஒருவர்தான், அதற்கு மேல் அமைப்பு ஏற்காது என்றேன்.

"அப்ப நானும் இல்லாம, செல்வியும் லீவு போட்டா?"

இருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கு அன்றைக்கு அதற்கு மேல் தெம்பு இல்லை.

"அதெப்படி சார் முடியும்? அடுத்த மாசம் செல்விக்குக் கல்யாணம். நான் போகாம இருப்பேனா?"

தணிக்கையாளர் வாசலருகே நின்று, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் ஓட்டுநரிடமிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.